ஒரே கப்பலை நான்கு நாள் பார்ப்பது

பாலித் தீவுக்கு ஆள் கூட்டிப்போகும் சுற்றுலாத் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும், கடலுக்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் வேனில் ஏற்றுவார்கள், வாழைப்பழப் படகு, பாராசூட், அதற்குப் பிறகு மூச்சுக்குழாய் மாட்டி அரை மணி நேர ஸ்நோர்கெலிங், மதியம் சாப்பாடு, மாலை கோயில். மறுநாள் விடியுமுன் படூர் எரிமலையில் சூரியோதயம். பணம் கட்டிவிட்டோம், முடிந்தவரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு இது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் இந்தக் கணக்கு சரி வரலாம். கடலுக்கடியில் பார்ப்பதற்கு மட்டும் இது அடிப்படையிலேயே பொருந்தாது. நீருக்கு அடியில் போக விரும்புகிறவர் ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தில் நான்கைந்து நாள் தங்கி, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தடவை மட்டும் இறங்கி, மிச்ச நேரம் கரையில் சும்மா இருப்பதுதான் முறை. இதைச் சோம்பல் என்று சிலர் நினைக்கலாம். உடம்பின் கணக்கு, மீன்களின் கணக்கு, ஊர்க்காரர்களின் வரவுசெலவு எதை வைத்துப் பார்த்தாலும் விடை இந்தப் பக்கமே வருகிறது. அதற்குப் பாலியின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பென் கிராமத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

துலாம்பென், கராங்காசெம் மாவட்டத்தில், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆகுங் எரிமலையின் காலடியில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விளம்பரப் படங்களில் வரும் வெள்ளை மணல் இங்கே கிடையாது. எரிமலை உருட்டிவிட்ட கருங்கற்கள்தான் கரை முழுக்க. இந்த ஊருக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவதற்குக் காரணம் ஒரு போரும் ஓர் எரிமலையும். 1918-இல் கட்டப்பட்ட 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், ரயில் பாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு அதைத் துளைத்தது. இரண்டு போர்க்கப்பல்கள் அதைக் கயிறு கட்டி இழுத்து, வடகரையில் உள்ள சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டதால் துலாம்பென் கரையில் தட்டவைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கரையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963-இல் ஆகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தப் பேரழிவின் அதிர்வில், கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. இப்போது கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் நீந்தினாலே அதன் தலைமேல் இருக்கலாம். மேல்விளிம்பு ஐந்து மீட்டர் ஆழத்திலேயே தட்டுப்படும். அடிப்பகுதி 30 மீட்டர் வரை இறங்கும். ஏறக்குறைய 125 மீட்டர் நீளக் கப்பல். முதல்முறை மாஸ்க் மாட்டியவர் மேலிருந்து பார்க்கலாம், கைதேர்ந்தவர் அடியில் போய்ப் பார்க்கலாம். படகே தேவையில்லை.

படகு தேவையில்லை என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. படகில் போனால் படகின் நேரம். பத்துப் பேருக்காக ஒருவரும் ஒருவருக்காகப் பத்துப் பேரும் காத்திருக்க வேண்டும். கரையிலிருந்து நடந்து இறங்கும் இடத்தில் உங்கள் நேரம் உங்களுடையது. அந்த நடை ஒன்றும் லேசானதல்ல. அலுமினிய சிலிண்டர் ஒன்று காற்று நிரப்பிய நிலையில் ஏறக்குறைய 17 கிலோ. அதோடு மிதப்புச் சட்டையும் மூச்சுவிடும் ரெகுலேட்டரும் ஈயக்கட்டியும் சேரும்போது, உருளும் கற்கள்மேல் ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் வெளியூர்க்காரர் தடுமாறிப்போவார். அதே கற்கள்மேல் துலாம்பென் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, பூட்டிய சிலிண்டரை ஏற்றிக்கொண்டு, காலில் சாதாரண ரப்பர் செருப்போடு விறுவிறுவென்று நடக்கிறார்கள். சிலர் ஒரே நடையில் இரண்டு. சுமை கூலி அவர்களுக்கு. பெரும்பாலும் அது டைவ் கட்டணத்திலேயே அடக்கம். சக்கர வண்டி ஓடாத கரை என்பதால் இந்த வேலைக்கு இயந்திரம் போட்டியாக வரவில்லை. மணல் இல்லாத குறை ஒரு வகையில் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

இனி உடம்பின் கணக்கு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டால் கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குவது போல உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகக்கூடிய நோய் அது. ஆகவேதான் கடைசியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, இரண்டு டைவுகளுக்கு நடுவே கரையில் இடைவெளி விடுவது என்றெல்லாம் விதிகள். கரைக்கு வந்த பிறகும் மிச்ச நைட்ரஜன் மணிக்கணக்கில் உள்ளே இருக்கும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவுகள் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது டைவிங் மருத்துவம் பரிந்துரைக்கும் கணக்கு. பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: இந்தக் கணக்கு விமானத்துக்கு மட்டுமானதல்ல. சுமார் 600 மீட்டருக்கு மேல் உயரம் ஏறும் எந்தப் பயணத்துக்கும் இதே எச்சரிக்கைதான். பாலியில் காலையில் துலாம்பெனில் இறங்கிவிட்டு மதியம் கிந்தாமணி மலைச்சாலை வழியாக உபுத் போகலாம் என்று டிரைவர் சொல்வார். அந்தச் சாலை ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறுகிறது. முதல்நாள் டைவ், மறுநாள் விடியலில் 1,717 மீட்டர் படூர் சிகரம் என்று அடுக்கியிருக்கும் திட்டங்களும் உண்டு. அடைத்து நெரித்துப் போடப்பட்ட பயணத் திட்டம் இங்கே வெறும் களைப்பு சம்பந்தப்பட்டது அல்ல, மருத்துவ ஆபத்து.

சும்மா இருப்பதற்கு இன்னொரு காரணம் மூச்சு. வழக்கமான சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். கடைசிக் கால் பங்கை அவசரத்துக்கு விட்டுவிட்டால் கையில் இருப்பது 1,650 லிட்டர். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே காற்றும் மூன்று மடங்கு செலவாகும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு அங்கே 22 நிமிடம்தான். அமைதியாக 15 லிட்டரில் மூச்சுவிடுபவருக்கு 36 நிமிடம். அந்தப் பதினான்கு நிமிட வித்தியாசத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, இரண்டாவது மூன்றாவது நாள்தான் கொடுக்கும். அதைவிட முக்கியம், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம். சளி பிடித்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாது. அந்த நிலையில் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். ஒருநாள் பயணமாக வந்தவர் மூக்கடைப்போடும் இறங்கிவிடுவார். காசு கட்டியாச்சு, வேன் நாலு மணிக்குக் கிளம்பிவிடும், அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாலு நாள் தங்குகிறவர் இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு இஞ்சி டீ குடித்துக்கொண்டு உட்காரலாம்.

மீன்களின் கணக்கைப் பார்ப்போம். தெற்கே குத்தாவிலிருந்தும் சானூரிலிருந்தும் கிளம்பும் வேன்கள் முற்பகலில் துலாம்பென் வந்து சேரும்; பிற்பகலில் திரும்பிவிடும். ஆக, கப்பலைச் சுற்றி நெரிசல் இருக்கும் நேரம் நடுப்பகல். ஊரில் தங்கியிருப்பவருக்குத்தான் விடியற்காலை கிடைக்கும், அந்தப் பொழுதுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் இந்தக் கப்பலின் இடுக்குகளில் உறங்கும் வழக்கம் உடையவை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், நாற்பது கிலோவுக்கு மேல் எடை வரும் மீன் அது. பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கும் வேலை அதனுடையது. வெளிச்சம் வந்ததும் கூட்டமாக மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்குத் தண்ணீரில் இருந்தால் எதிரே பார்க்கலாம், ஒன்பது மணிக்கு வந்தவருக்குக் கப்பல் மட்டும்தான். கப்பலுக்குப் பக்கத்து மணலில் வேறொரு காட்சி. நூற்றுக்கணக்கான சின்ன விலாங்குகள் பாதி உடம்பை வளைக்குள் வைத்துக்கொண்டு, மீதியை நீரோட்டத்தை நோக்கி நிமிர்த்தி ஆடிக்கொண்டிருக்கும். வேகமாக நெருங்கினால் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விடும், வெறும் மணல். அசையாமல் இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். கப்பலின் இரும்பில் வளர்ந்த விசிறிப் பவளத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள குட்டைக் கடற்குதிரைகள், அந்தப் பவளத்தின் நிறத்திலேயே, அதன் முண்டுகளைப் போலவே இருக்கும். முதல் டைவில் கண் பழகுவதற்கே நேரம் போதாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குவதுதான் அதிகம் பார்க்கும் வழி என்பது கேட்க முரணாக இருக்கும். அனுபவமுள்ள வழிகாட்டிகள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை அது.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. முதல் ஆட்சேபம் குடும்பத்திலிருந்து வரும்: வாழ்க்கையில் ஒருதடவை பாலி போகிறோம், ஒரு கருங்கல் கரையில் நாலு நாள் உட்கார்ந்திருக்கவா? டைவ் அடிக்காதவர்கள் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் ஸ்நோர்கெலிங் இருக்கிறதே. துலாம்பெனிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் ஆமெட் கரை. ஜெமெலுக் விரிகுடாவில் கரையிலிருந்து சில அடிகளிலேயே பவளத் தோட்டம் தொடங்கிவிடும், பன்யூனிங்கில் ஆழமில்லாத நீரில் ஒரு குட்டிக் கப்பல் சிதைவு கிடக்கிறது. நீச்சல் தெரிந்தவருக்கு மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போதும். தெரியாதவர் மிதவைச் சட்டையோடு வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆழமற்ற நீரில் நிற்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு வருவதே மேல் என்பது என் கட்சி. அதற்கும் மனமில்லாதவர்களுக்கு வெயில் சாய்ந்ததும் முக்கோணப் பாய் விரித்த ஜுக்குங் படகுகள் கரைசேர்வதும், வாசலில் பூவும் அரிசியும் வைத்த ஓலைத்தட்டுகளும், திருவிழா நாளில் கோயிலுக்குக் கூடை சுமந்துபோகும் பெண்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் போதாது, நாளொரு ஊர் வேண்டும் என்பவரை வற்புறுத்த வேண்டியதில்லை. அவர் டைவை விட்டுவிட்டு மலையைப் பார்க்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதுதான் தவறு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. குக்கிராமத்தில் அடிபட்டால் என்ன ஆகும்? நைட்ரஜன் நோய்க்கு வேண்டிய அழுத்தக் கூடம் தீவின் தெற்கே தென்பாசாரில்; துலாம்பெனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் அந்தத் தூரம் என் வாதத்துக்கு எதிரானது அல்ல. தெற்கே நூசா பெனிடாவைச் சுற்றியுள்ள நீரில் ஆளைக் கீழே இழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை சூரியமீன் பார்க்க ஆசைப்பட்டு, கையில் அவ்வளவு பயிற்சி இல்லாதவர்களும் அங்கே போகிறார்கள். துலாம்பென் நீர் பெரும்பாலும் அசைவற்றது; ஆழத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்; ஏதாவது கோளாறு என்றால் சரிவைப் பிடித்து மெல்ல மேலேறிக் கரைக்கே வந்துவிடலாம். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு அனுமதி 18 மீட்டர் வரை, பயிற்சியே இல்லாமல் ஆசிரியரோடு முதல்முறை இறங்குபவருக்கு 12 மீட்டர் வரை. கப்பலின் நல்ல பகுதி இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது குறைவாகவும் ஆழம் கம்மியாகவும் இறங்குவதும், டைவிங்குக்கான காப்பீடு எடுப்பதும், ஆஸ்துமாவும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவப் படிவத்தில் பொய் சொல்லாமல் இருப்பதும்தான்.

பவளத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்கு எளிய பதில் இல்லை. கரையிலிருந்து இறங்குவது இயற்கைக்கு இதமானது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆதாரம் வேறு மாதிரி இருக்கிறது. கரீபியக் கடலில் செயின்ட் லூசியா தீவில் 353 பேரைப் பின்தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வு, படகிலிருந்து இறங்குபவர்களைவிடக் கரையிலிருந்து இறங்குபவர்களே பவளத்தை அதிகம் தொடுகிறார்கள், இடிக்கிறார்கள் என்றது. கேமரா வைத்திருப்பவர்களும் அப்படியே. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: இறங்குமுன் சொல்லும் அறிவுரை மட்டும் பெரிதாகப் பலன் தருவதில்லை, நீருக்குள் வழிகாட்டி பக்கத்தில் இருந்து, தொடும்போதே தடுத்தால் தொடுகை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு வழிகாட்டிக்கு இரண்டு மூன்று பேர் என்றால்தான் அது நடக்கும்; வேனில் வந்து இறங்கிய பத்துப் பேரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது. நமக்குப் பக்கத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. திருகோணமலையை ஒட்டிய நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. படகு படகாக வந்து மிதவைச் சட்டையோடு இறங்கி, கால் ஊன்ற இடம் தேடிப் பவளத்தின் மேலேயே நின்றவர்களால் அங்கே நேர்ந்த சேதம் பலமுறை பேசப்பட்டுவிட்டது. துலாம்பெனுக்கு ஒரு வசதி: பெரும்பகுதி மணலும் இரும்பும். மிதப்பைச் சமாளிக்கத் தெரியாத புதியவர் மணல்மேல் இரண்டு நாள் பழகிவிட்டுக் கப்பலுக்கு வரலாம். அந்த இரண்டு நாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுப்பதை இந்த ஒழுங்கெல்லாம் தடுக்காது என்பதும் உண்மை.

ஊர்க்காரர்கள் பக்கம் வருவோம். சின்னக் கிராமத்தில் தங்குவதால் ஊர் பிழைக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆமெட் கரையில் கடல்நீரை மண்கூம்பில் வடிகட்டி, பிளந்த தென்னைமரத் தொட்டிகளில் காயவைத்து உப்பெடுக்கும் குடும்பங்கள் இருந்தன. விடுதிகள் வந்ததும் கரைநிலம் கைமாறி, உப்புக்காரர்கள் சிலராகக் குறைந்துவிட்டார்கள். ஒரே தொழிலை நம்புவதன் விலையை 2017-இல் பார்த்தார்கள். ஆகுங் மறுபடி உறுமத் தொடங்கியதும் மலையைச் சுற்றியுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். நவம்பரில் விமான நிலையமே சில நாள் மூடப்பட்டது. துலாம்பென் கரை வெறிச்சோடியது. மூன்றாண்டு கழித்துக் கொரோனா. இதற்கெல்லாம் பயணி பொறுப்பல்ல, ஆனால் எப்படி வருகிறார் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. வேனில் வந்து போகிறவர் ஊரில் விடுவது சுமைகூலியும் ஒரு தட்டு நாசிகோரெங் சோறும். தங்குகிறவர் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, துணி வெளுப்பு என்று பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். வெளிநாட்டுக்காரர் நடத்தும் பெரிய விடுதியா, ஊர்க்காரர் வீட்டை ஒட்டிக் கட்டிய நாலு அறையா என்று விசாரித்துவிட்டு முன்பதிவு செய்வதும், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்பதும் அதிக வேலை இல்லை.

எப்போது போவது என்ற கேள்விக்கும் இதே கணக்கு உதவும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. மலைச்சரிவின் கலங்கல் கடலில் சேர்ந்து பார்வைத் தூரம் குறையும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை தெளிவு, அதில் ஜூலையும் ஆகஸ்டும் ஐரோப்பிய விடுமுறைக் கூட்டம். மே மாதமும் செப்டம்பரும் நல்ல தண்ணீர், காலி அறைகள், அவசரப்படாத வழிகாட்டிகள். கோடை விடுமுறையில்தான் பிள்ளைகளோடு போக முடியும் என்பவர்களுக்கு மே மாதம் தானாகவே பொருந்துகிறது. கடைசி டைவை ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் காலையில் முடித்துவிட்டு, டிரைவரிடம் கிந்தாமணி வேண்டாம், அவ்வளவு உயரம் ஏறாத அம்லாபுரா வழியாகவே விமான நிலையத்துக்கு விடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.